கடலடியில் ஒரு தராசு: டார்ட் மிதவைத் தரவுச் சேவை எப்படி?

அமெரிக்காவின் தேசியத் தரவு மிதவை மையம், ஆழ்கடலில் சுனாமியைக் கண்டறியும் டார்ட் கருவிகளின் அளவீடுகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பதிவு, கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. ஆழ்கடலில் சுனாமி எப்படி நடந்துகொள்ளும் என்று எண்களாகவே பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் பக்கத்தைத் திறந்தவுடன் எதுவும் புரியாது. குறை கருவியில் இல்லை, தரவைப் பரிமாறும் விதத்தில்தான்.

பெயர்தான் மிதவை. உண்மையில் வேலை பார்ப்பது கடலடியில் கிடக்கும் அழுத்தமானி. தலைக்கு மேலுள்ள தண்ணீரின் எடையை 15 விநாடிக்கு ஒருமுறை நிறுத்துப் பார்க்கும் தராசு அது. 6,000 மீட்டர் ஆழத்திலும் ஒரு மில்லிமீட்டர் மாற்றம் அதற்குத் தெரியும். அளந்ததை ஒலி அலையாக மேலே அனுப்ப, மிதவை அதைச் செயற்கைக்கோளுக்குக் கடத்துகிறது. காற்று கிளப்பும் அலைகளின் ஆட்டம் சில நூறு மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடுவதால் தராசு அவற்றைக் கண்டுகொள்ளாது. சுனாமியின் அலைநீளமோ நூறு கிலோமீட்டரைத் தாண்டும். மேலிருந்து தரைவரை மொத்தத் தண்ணீரும் நகர்வதால் தப்ப முடியாது.

சாதாரண நாளில் 15 நிமிடத்துக்கு ஒரு புள்ளிதான். அதுவும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாக வந்து சேரும். முந்தைய மூன்று மணி நேர அளவுகளை வைத்து அடுத்த அளவு இதுவாக இருக்கும் என்று கருவியே கணிக்கும். வட பசிபிக்கில் அந்தக் கணிப்புக்கும் உண்மைக்கும் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், அளவுகளை நெருக்கமாக அனுப்பும் 'நிகழ்வு நிலை'க்குத் தாவும். முதலில் 15 விநாடி அளவுகள், பிறகு ஒரு நிமிடச் சராசரிகள். பலர் ஏமாறுவது இங்கேதான். நிகழ்வு நிலை என்றால் சுனாமி என்று பொருளல்ல. நிலநடுக்கத்தில் தரை குலுங்கினாலே அழுத்தமானி துள்ளும்.

2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கத்துக்கு நிலையம் 21418-இன் பதிவைப் பாருங்கள். முதலில் சீப்பின் பற்களைப் போல நெருக்கமான கோடுகள். அவை நில அதிர்வு. பிறகு கொஞ்சம் அமைதி. சுமார் அரை மணி நேரம் கழித்து ஒற்றை மேடு, உயரம் சுமார் 1.8 மீட்டர். ஆழ்கடலுக்கு இது பிரம்மாண்டம். அவ்வளவு பெரிய அலைக்கும், 5,600 மீட்டர் ஆழத்தில் நீரின் ஓட்டம் விநாடிக்கு 7 அல்லது 8 சென்டிமீட்டர்தான் என்று கணக்கு வருகிறது. மென்சேறு கலங்கலாம், தரையை அரிக்காது. அதே அலை கரையை நெருங்கி 20 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் ஓட்டம் விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டி மணலை வாரும். அலை முன்னேறும் வேகமோ நேர்மாறாகக் குறைகிறது: 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், 10 மீட்டரில் 36. (அன்று கடலடியை நிஜமாகவே மாற்றியது அலையல்ல, நிலநடுக்கப் பிளவுதான். அகழியருகே தரை கிடைமட்டமாகச் சுமார் 50 மீட்டர் நகர்ந்தது.)

இனி தரவைக் கையாளும் விதம். நிலையப் பக்கத்தில் தேதியைக் கொடுத்தால் வரைபடம், அதன் கீழே எண்கள். புதியது மேலே, பழையது கீழே. நேரம் உலகப் பொது நேரம். இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். 'டி' (T) பத்தியில் 1 என்றால் 15 நிமிட அளவு, 2 என்றால் ஒரு நிமிடம், 3 என்றால் 15 விநாடி. மூன்றும் கலந்தே வரும். வரிசை எண்ணை வைத்து வரைந்தால் கால அச்சு கோணலாகிவிடும். தேதியையும் நேரத்தையும் இணைத்து ஒரே பத்தியாக்கி வரையுங்கள். 9999 தென்பட்டால் அளவு இல்லை என்று அர்த்தம், நீக்கிவிடுங்கள். உயரப் பத்தியை உண்மையான ஆழம் என்று நம்ப வேண்டாம்; அழுத்தத்தை மாறாத ஒரு எண்ணால் பெருக்கி வந்த மதிப்பு அது. ஏற்ற இறக்கம்தான் நமக்கு முக்கியம்.

கடல்மட்டம் தினமும் ஏறி இறங்கும் ஓதத்தைக் கழிக்காமல் சுனாமி கண்ணில் படாது. நிகழ்வுக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் எடுத்து, முப்படிக் கோவை (x³ வரை உள்ள சமன்பாட்டு வளைகோடு) ஒன்றைப் பொருத்திக் கழித்தால் முதல் பார்வைக்குப் போதும். ஒரு மணி நேர நகரும் சராசரியால் தரவை மழுங்கடிக்காதீர்கள். பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை நீளும் சுனாமி அலை அதில் கரைந்து காணாமல் போய்விடும், ஓதம் மட்டும் மிஞ்சும்.

பெரிய பலவீனம் மேலே மிதக்கும் பாதி. நிழல் விழும் இடத்தில் மீன் கூடும், மீன் கூடினால் படகு வரும், கயிறு கட்டுவார்கள், மிதவை அறுந்துபோகும். அடியில் தராசு நன்றாக இருந்தும் பேச வாய் இருக்காது. நிலையங்களைக் காட்டும் நிலப்படத்தில் சிவப்பாகத் தெரியும் நிலையத்திலிருந்து புதிய தரவு வருவதில்லை, மஞ்சளைத் தேர்ந்தெடுங்கள்.

2004-இல் இந்தியப் பெருங்கடலில் இத்தகைய மிதவை ஒன்றுகூட இல்லை. நிலநடுக்கத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்துத் தற்செயலாக மேலே கடந்த ஜேசன்-1 செயற்கைக்கோள்தான் நடுக்கடலில் சுமார் 60 சென்டிமீட்டர் உயர்வைக் கண்டது. வங்கக் கடலுக்கு முதல் டார்ட், நிலையம் 23401, 2006 டிசம்பரில்தான் வந்தது.

மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். கரையோரத்தில் இருப்பவர்கள் எச்சரிக்கைக்காக இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இந்தியாவில் அதற்குப் பொறுப்பு ஹைதராபாத்தின் இன்காய்ஸ் (இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை) மையம். எதிர்பார்க்கும் அலை 2 மீட்டருக்கு மேல் என்றால் அவர்களின் அறிக்கையில் உச்சநிலை எச்சரிக்கை வரும்.