தளத்தை முடக்குவதா, பணவழியை அடைப்பதா?

இணையச் சூதாட்டத்தை ஒடுக்க இந்திய அரசின் கையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன: சூதாட்டத் தளத்தை முடக்குவது, அதற்குப் பணம் போகும் வழியை அடைப்பது. எதில் அதிகம் உழைப்பது என்பதில்தான் வாதம்.

வேகம்: முடக்கமே முந்துகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் ஆணை பிறந்தால் இணையச் சேவை நிறுவனங்கள் தளத்தை அடைத்தாக வேண்டும். பணவழிக்கோ கணக்குகளை ஒவ்வொன்றாகத் துருவ வேண்டும்.

நீடிப்பு: இங்கே முடக்கம் மண்ணைக் கவ்வுகிறது. பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து அதே தளம் புதிய முகவரியில் திறக்கிறது. இணைப்பு டெலிகிராமில் வந்து சேர்கிறது. இருக்குமிடத்தை மறைத்துத் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலி இருந்தால் பழைய முகவரியே போதும். நடத்துபவரோ குராசோ என்ற கரீபியத் தீவின் சூதாட்ட உரிமத்தைக் காட்டிக்கொண்டு நம் போலீசாருக்கு எட்டாத இடத்தில் இருக்கிறார். ஆனால் பணம் பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்கு ஒன்றில் இறங்கித்தான் கடல் தாண்டுகிறது. 2025ஆம் ஆண்டு இணைய விளையாட்டுச் சட்டப்படி பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோவோருக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

ஓட்டை: பணவழியிலும் உண்டு. வேறொருவரிடம் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குக்கு யுபிஐயில் போகும் 500 ரூபாய், மளிகைக் கடைக்குப் போவதுபோலவே தெரியும். வங்கியைத் தொடாமலே கைமாறக்கூடிய கிரிப்டோ நாணயம் இன்னொரு தலைவலி.

விளம்பரம் பார்த்து எட்டிப்பார்க்கும் புதியவரைத் தடுக்க முடக்கம் போதும். ஊறிப்போனவரையும் நடத்துபவரையும் மடக்கப் பணவழிதான்; ஆள்பலத்தை அங்கேதான் குவிக்க வேண்டும் என்பேன்.