புகைப் பரிசோதனைக்கு முன்: பம்ப் ஸ்குரூவா, நொசலா?

பழைய லான்ட் குரூசர், பஜரோ மாதிரிப் பாரமான டீசல் ஃபோர்வீல் வைத்திருப்பவர்களுக்கு, வாகன வருமான அனுமதிப்பத்திரத்தை விட அதற்கு முன் வரும் புகைப் பரிசோதனைதான் தலையிடி. எஞ்சின் சூடானதும், கியர் போடாமல் அக்சிலேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதிப்பார்கள். சைலன்சருக்குள் விட்ட குழாய் வழியே புகையின் அடர்த்தியை மெசின் அளக்கும். கறுப்பாகக் கக்கினால், டீசல் கூட அல்லது காற்றுக் குறைவு.

கராஜில் முதலில் காதில் விழுவது, "அண்ணன், பம்பில கொஞ்சம் டீசலைக் குறைச்சு விடுவம்" என்பதுதான். எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் பம்பில் உள்ள ஸ்குரூவைச் சற்றுத் திருப்பினால் சரி, பெரிய செலவில்லை. புகை உடனே குறையும், பாஸும் ஆகலாம். ஆனால் இழுவை போய்விடும். மட்டக்களப்பின் படுவான்கரை வயல் சேற்றில் நெல் மூட்டையோடு இறங்கும்போதோ, பதுளை வீதியில் லுணுகலை ஏற்றத்திலோ அது நன்றாகத் தெரியும். அப்புறம் ஸ்குரூவைத் திரும்பவும் கூட்டுவார்கள். அடுத்த வருடமும் அதே கூத்து.

மற்ற வழி, எஞ்சினுக்குள் டீசலை விசிறும் நொசல்களைப் பார்ப்பது. அவற்றைக் கழற்றிச் சோதிப்பதற்குக் காசும் நேரமும் போகும். நல்ல நொசல் டீசலை மெல்லிய பனியாய் விசிறும்; தேய்ந்தது சொட்டும். சொட்டுவது முழுதாக எரியாமல்தான் கறுப்பாக வெளியே வருகிறது. மாற்றினால் இழுவை குறையாது, டீசலும் மிஞ்சும். நான் இந்தப் பக்கம்தான்.

இரண்டுக்கும் முன் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். கிரவல் ரோட்டுத் தூசி அடைத்ததே முழுக் காரணமாக இருப்பதும் உண்டு. புகை நீலமென்றால் எரிவது எஞ்சின் ஒயில். அதற்கு ஸ்குரூவும் உதவாது, நொசலும் உதவாது.