சோயாவா, ஆளி விதையா?
மாதவிடாய் நிற்கும் வயதில் திடீரென உடம்பு கொதிக்கும். அதற்குத்தான் பலரும் இந்த இரண்டையும் தேடுகிறார்கள். இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை லேசாக ஒத்த பொருள்கள் உண்டு: சோயாவில் ஐசோஃப்ளேவோன், ஆளியில் லிக்னான்.

வேலை: சோயாவின் ஐசோஃப்ளேவோன்கள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் (செல்லில் அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்கள்), முக்கியமாக அவற்றின் பீட்டா வகையில், ஒட்டிக்கொள்ளும். ஆளியின் லிக்னானைக் குடல் பாக்டீரியா உடலுக்குப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். ஆன்டிபயாட்டிக் எடுக்கும் நாட்களில் அந்த மாற்றம் குறைந்துவிடும்.

பக்குவம்: சோயாவை நன்றாக வேகவைத்தால் சரி. ஆளியைப் பொடித்தே ஆக வேண்டும், முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். பொடி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஃபிரிட்ஜில் வையுங்கள்.

உடல் கொதிப்புக்கு என் ஓட்டு சோயாவுக்கு; பலன் மிதமானதுதான், சில வாரங்கள் பொறுக்க வேண்டும். மலச்சிக்கலும் இருந்தால் ஆளி. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் ஐசோஃப்ளேவோன் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.