அமைச்சர் போட்ட ஒப்பமா, காரியதரிசி போட்டதா?

திருகோணமலையில் பழைய வீட்டைத் திருத்தும்போது சித்தப்பாவின் தகரப் பெட்டிக்குள் இரண்டு கையொப்பங்கள் கிடைத்தன. இரண்டிலும் ஒரே அமைச்சரின் பெயர். ஒன்று, 'எனது இல., உமது இல.' என்று தட்டச்சில் அடித்த கடிதம். கீழே ஒவ்வோர் எழுத்தும் வாசிக்கிற மாதிரி அழகான ஒப்பம். மற்றது, பொதுக்கூட்டத்தில் நேரில் வாங்கிய ஓட்டோகிராப் கொப்பி. முதலெழுத்தும் இழுத்துவிட்ட ஒரு கோடும்தான். வீட்டில் எல்லாரும் கடிதத்தைத்தான் சட்டம் போட விரும்பினார்கள். என் வாக்கு கொப்பிக்கு.

அழகைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். நாள் முழுக்க ஒப்பம் வைக்கிற கை அவசரத்தில் எழுத்துகளை விழுங்கும். பார்த்துப் பழகிப் போடுகிறவர் ஒன்றையும் விடமாட்டார்.

இறப்பர் முத்திரையையும் அச்சையும் பிடிப்பது சுலபம். பூதக்கண்ணாடியில் மை ஒரே தட்டையாகத் தெரியும், பேனை அழுத்திய பள்ளம் இருக்காது. நம் இலங்கை ரூபாய்த் தாள்களில் நிதி அமைச்சரின் ஒப்பம் இருப்பது அச்சாகத்தான். அதனால் அவை வீணில்லை. என். எம். பெரேரா 1970 முதல் 1975 வரை நிதி அமைச்சராக இருந்த காலத்துத் தாள் ஒன்று கையில் இருந்தால், அவருடைய ஒப்பத்தின் வடிவம் என்ன என்று பார்க்க நல்ல மாதிரி அது.

ஓட்டோபென் இயந்திரம் கொஞ்சம் கெட்டிக்காரன். உண்மையான பேனையைப் பிடித்து உண்மையான மையால் எழுதும். ஆனால் அழுத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு. பேனை இறங்குகிற இடத்திலும் எழும்புகிற இடத்திலும் சிறு புள்ளி விழும். அதே பெயரில் இரண்டு ஒப்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக யன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். கோட்டுக்குக் கோடு பொருந்தினால் அது கை போட்டதில்லை. எந்த மனிதரும் இரண்டு தடவை ஒரே மாதிரி ஒப்பம் வைப்பதில்லை.

காரியதரிசியின் ஒப்பம் இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிடும். அதுவும் மனிதக் கைதானே. அமெரிக்க சனாதிபதி கென்னடிக்காக அவருடைய செயலாளர் எவலின் லிங்கன் நிறையப் போட்டிருக்கிறார். போதாததற்கு ஓட்டோபென்னும் ஓடியது. கென்னடியின் சொந்த ஒப்பமோ ஒரு நாள் போல மறுநாள் இருக்காது, வாசிக்கவும் முடியாது. பின்னாளில் சனாதிபதியான றீகன் நடிகராக இருந்த காலத்தில் இரசிகர் கடிதங்களுக்கு அவருடைய தாயே பெயரெழுதி அனுப்பினார். இவற்றை மோசடி என்று நான் சொல்லமாட்டேன், சம்மதத்தோடு நடந்த வேலை. 1833இல் அமெரிக்காவில் காணி உறுதிகளில் சனாதிபதியின் பெயரைச் செயலாளரே எழுதச் சட்டமே வந்தது. அதில் செயலாளர் தன் பெயரையும் கீழே போட்டார். நம் கச்சேரிக் கடிதங்களிலும் 'அரசாங்க அதிபருக்காக' என்று இருந்தால் குழப்பமில்லை. அந்த 'க்காக' இல்லாத கடிதம்தான் நம்மை அலைக்கழிக்கும்.

அப்போது எழுத்தின் வடிவத்தையும் சூழ்நிலையையும்தான் நம்பவேண்டும். 'அன்பின்' என்ற விளியோ ஓரத்துத் திருத்தமோ அதே பேனையால், அதே கையால் இருந்தால் நம்பிக்கை கூடும். நேரில் வாங்கியதென்றால் இன்னும் நல்லது. காந்தி அரிசன நிதிக்கு 5 ரூபாய் வாங்கிக்கொண்டு ஓட்டோகிராப் கொடுத்தார். அப்படி முன்னால் நின்று வாங்கியவருக்குச் சந்தேகமே வராது. ஒப்பிடும்போது அதே காலத்து ஒப்பத்தோடு ஒப்பிடுங்கள். வயதோடு கை மாறும்.

தயவுசெய்து லமினேற் மட்டும் செய்யாதீர்கள். இங்கே பிறப்புப் பத்திரம் முதல் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடுகிறோம். ரோச் லைற்றைச் சாய்த்துப் பிடித்தால் தெரியவேண்டிய பேனைப் பள்ளம் பிளாஸ்ரிக்குக்குக் கீழே மறைந்துபோகும். கடற்காற்றுக்குப் பயந்தால் நல்ல கடதாசி உறையில் போட்டு, கறையான் ஏறாத உயரத்தில் வையுங்கள்.

சரி, எங்கள் இரண்டுக்கும் வருகிறேன். உப்புவெளியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அதே அமைச்சர் முழுக்கத் தன் கையால் எழுதிய கடிதம் இருந்தது. மூன்றையும் அவர் வீட்டு மேசையில் பரப்பினோம். ஆசிரியரின் கடிதத்தில் முதலெழுத்துக்குப் பிறகு இழுத்துவிட்ட கோடு, கொப்பியில் இருந்த கோடு மாதிரியே வலப்பக்கம் ஏறிப்போயிருந்தது. தட்டச்சுக் கடிதத்து ஒப்பத்தில் அந்தக் கோடே இல்லை.