அரச பல்கலைக்கழகமா, கடன் எடுத்துத் தனியார் பட்டமா?

கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தரப் பரீட்சை முடிவு வந்த வாரம் வீட்டுக்கு வீடு இதே பேச்சுத்தான்.

அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. வசதி குறைந்தவர்களுக்கு 1981இல் தொடங்கிய மகாபொல உதவித்தொகையும் உண்டு. ஆனால் 'இலவசம்' என்பதை அப்படியே நம்பிவிடக்கூடாது. கொழும்பு மாவட்டத்துக்கான இசட் வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி, பொதுவாகவே உயரம். விரும்பிய துறை யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கிடைத்தால் அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு எல்லாம் நம் கையிலிருந்துதான். அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களும் செலவுதான். அவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தனியார் பட்டம் சீக்கிரம் தொடங்கும், வீட்டிலிருந்தே போய் வரலாம். சரி, பணம்? ஒரு பேச்சுக்கு 14 வீத வட்டியில் 20 இலட்சம் கடன் எடுத்து ஐந்து வருடத்தில் கட்டுவதாக வைப்போம். மாதத் தவணை ஏறத்தாழ 46,500 ரூபா, மொத்தம் 28 இலட்சத்துக்குக் கிட்ட. முதல் வேலைச் சம்பளத்தில் அதைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று அம்மாவோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். வெளிநாட்டுப் பட்டமென்றால் கட்டணம் பிரித்தானியப் பவுணிலா ரூபாவிலா என்பதையும் கேளுங்கள். 2022இல் ரூபா சரிந்தபோது பவுணில் கட்டியவர்கள் பட்ட பாடு தெரியும்தானே.

அரச இடம் விரும்பிய துறையில் கிடைத்தால் நான் காத்திருக்கவே சொல்வேன். கிடைக்காவிட்டால், கடனுக்கு முன் நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தை ஒருமுறை விசாரியுங்கள். கட்டணம் உண்டு, ஆனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.