டெல்லி கோல்ஃப் கிளப், லோதி மைதானம்: ட்ரைவர் மட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்

ஸ்கோர்கார்டைப் பார்த்தால் ஒன்றும் பயமாக இருக்காது. பார், அதாவது 18 குழிகளையும் முடிக்க எதிர்பார்க்கும் அடிகளின் எண்ணிக்கை, 72; மொத்தம் சுமார் 7,000 கஜம். இப்போது கட்டுகிற சாம்பியன்ஷிப் மைதானங்களோடு ஒப்பிட்டால் குட்டைதான், பந்தை முழுங்குகிற பெரிய ஏரிகளும் இல்லை. கஷ்டமெல்லாம் இரண்டு பக்கமும் இருக்கிறது. பந்து விழ வேண்டிய வெட்டிய புல்பாதையான ஃபேர்வே ஒரு சந்து மாதிரி போகும், அதை ஒட்டிக் கொஞ்சம் புல், அதையும் தாண்டினால் முள்ளும் புதருமாக அடர்ந்த காடு. அதற்குள் போன பந்து கிடைத்தாலும் பிரயோஜனமில்லை, மட்டையைப் பின்னால் தூக்கவே இடம் இருக்காது. பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டி ஃபேர்வேக்குக் கொண்டுவந்தால் போதும் என்று ஆகிவிடும்.

என்னை அழைத்துப்போன நண்பர் அங்கே உறுப்பினர், நல்ல உயரம், அடித்தால் 280 கஜம் போகும். டீயில், அதாவது குழிக்கு முதல் அடி அடிக்கும் இடத்தில், அவர் எடுத்தது 4 அயர்ன், தூரம் குறைந்தாலும் அடக்கமாகப் போகும் மட்டை. பக்கத்தில் இன்னொருவர் மிக அதிகத் தூரம் அடிக்கிற மட்டையான ட்ரைவரை உருவியதும், மட்டைப் பை சுமந்து யோசனை சொல்லும் கேடி ஒன்றும் சொல்லவில்லை, முன்னால் நின்ற ஆகேவாலாவைப் பார்த்துக் கையை மட்டும் வலப்பக்கம் ஆட்டினார். ஆகேவாலா என்றால் பந்து விழும் இடத்தில் போய் நின்று கண்காணிக்கிற ஆள், இந்த மைதானத்தில் அவர் இல்லாமல் ஆடவே முடியாது. அவர் புதரை நோக்கி நடக்க ஆரம்பித்த பிறகுதான் பந்து அடிபட்டது. போனதும் அதே புதருக்குத்தான்.

2025 அக்டோபரில் இங்கே நடந்த டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப்புக்கு முன்னணி ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராய் வந்திருந்தபோது, ட்ரைவருக்கு இங்கே வேலையில்லை என்ற முடிவோடுதான் ஆடினார். ஜெயித்தது இங்கிலாந்தின் டாமி ஃப்ளீட்வுட், 22 அண்டர், அதாவது மொத்தத்தில் பாரைவிட 22 அடி குறைவு. அப்படியென்றால் இது என்ன கஷ்டமான மைதானம் என்று கேட்கலாம். நேராக அடிக்கிறவனுக்கு வாரிக் கொடுக்கும், கோணலாக அடிக்கிறவனிடம் ஈவிரக்கமே கிடையாது, அவ்வளவுதான். ஹேண்டிகேப் (பாரைவிடச் சுமாராக எத்தனை அடி கூடுதலாக ஆகும் என்ற கணக்கு) 18-க்கு மேல் இருக்கிற நம்மைப் போன்றவர்கள் எந்த வகை என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் என் கணக்கில் இது நியாயமான கஷ்டம். தூரம் அடிக்க முடியாத ஐம்பது வயதுக்காரரும் 5 அயர்னும் பொறுமையும் வைத்துக்கொண்டு இளவட்டங்களைத் தோற்கடிக்கலாம், புதிய நீளமான மைதானங்களில் அதற்கு வழியே இல்லை.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீன்கள் வேறு கதை. 1970-களில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பீட்டர் தாம்சன் திருத்திய மைதானத்தை 2019-இல் தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் கேரி பிளேயர் கையில் கொடுத்து கிரீன்களைப் புதிதாகப் போட்டார்கள். மேடு பள்ளம் தாராளம், வேகமும் அதிகம். கொடிக்கு மேல்பக்கம் பந்து நின்றால் இரண்டு பட்டில் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) முடிப்பதே பெரிய விஷயம். பழைய கிரீன்தான் இந்த மைதானத்துக்குப் பொருத்தம் என்று புலம்புகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் புதியதுதான் பிடித்தது, டீயிலிருந்து அடக்கி வாசித்தவனுக்கு வேறெங்கேயாவது சோதனை வேண்டாமா?

கேடி சொல்வதைக் கேளுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம். 1991-இல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், இதே கிளப்பில் கேடியாக இருந்தவர். என்னோடு வந்த கேடி பட்டின் வளைவை விரல் நுனியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார், நான் பார்த்ததற்கு நேர் எதிர்த் திசை. அவர் சொன்னபடி அடித்தேன், பந்து குழியின் விளிம்பைச் சுற்றி உள்ளே விழுந்தது.

சுற்றுப்புறத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிளப் கட்டடத்தை ஒட்டியே லால் பங்களா, சிவப்புக்கல் கல்லறை மண்டபம். ஆடிக்கொண்டே போனால் மரங்களுக்கு நடுவே இன்னும் சில பழைய குவிமாடங்கள். மயில்கள் ஏராளம், சரியாக மட்டையைத் தூக்கும்போதுதான் அகவும்.

குறை என்றால், உள்ளே போவதுதான். உறுப்பினர் ஆவதற்குக் காத்திருப்போர் பட்டியல் பல பத்தாண்டு நீளம், விருந்தாளியாகப் போகவும் ஓர் உறுப்பினரைத் தெரிந்திருக்க வேண்டும். தலைநகரின் நடுவே அரசு குத்தகை நிலத்தில் இவ்வளவு பெரிய பச்சை, அதில் கால் வைக்க இவ்வளவு கெடுபிடி என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மைதானத்தின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சரி.

அழைப்பு கிடைத்தால் நவம்பர், இல்லையென்றால் பிப்ரவரி, மார்ச்சில் போங்கள். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டத்தால் காலை ஆட்டம் தள்ளிப்போகும், மே மாத வெயிலைச் சொல்லவே வேண்டாம். மட்டையை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், நான் டெல்லியில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த செட்டில் பிடியெல்லாம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. 18-ஆவது குழி பார் 5. அனிர்பன் லாஹிரி 2015 இந்தியன் ஓபனைப் பிளேஆஃபில் (சமநிலையை உடைக்கும் கூடுதல் ஆட்டம்) பர்டி, அதாவது பாரைவிட ஓர் அடி குறைவாக, அடித்து முடித்தது அதில்தான், அந்த நினைப்பில் அங்கே மட்டும் ட்ரைவரை எடுக்கத் தோன்றும், எடுக்காதீர்கள்.