பசும்பாலை நிறுத்திய தாய்க்கு மாற்றுப் பால்: பெங்களூர்க் கடைகளில் கிடைப்பதில் எது தேறும்?

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் மலத்தில் சளியும் ரத்தக் கோடும் தெரிந்தால், டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவதில் ஒன்று பசும்பால் புரதம். அதைச் சோதிக்க, தாய் 2 முதல் 4 வாரம் பால், தயிர், வெண்ணெய், பனீர், நெய் எதையும் தொடக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. காலைக் காபிக்கு என்ன வழி என்பதுதான் அடுத்த கேள்வி.

வாங்கக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடலாம். நாட்டு மாட்டுப் பால் என்று அபார்ட்மென்ட் வாசலுக்கே வரும் ஏ2 பால் இதற்கு உதவாது. ஒவ்வாமை தரும் புரதங்கள் அதிலும் இருக்கின்றன. எருமைப் பால், ஆட்டுப் பால் இரண்டின் புரதமும் பசும்பாலின் நெருங்கிய உறவு. லாக்டோஸ் நீக்கிய பாலில் போனது சர்க்கரை மட்டும்தான், புரதம் அப்படியே இருக்கிறது. மோசமான பொறி 'நான்-டெய்ரி' என்று எழுதிய காபி வெள்ளைத் தூள். பின்பக்கம் திருப்பினால் பல பொட்டலங்களில் 'சோடியம் கேசினேட்' இருக்கும். அது பால் புரதமேதான்.

இனி அட்டைப் பெட்டியில் வரும் தாவரப் பால்கள். ஃபில்டர் காபிக்கு ஓட்ஸ் பால்தான் முதலிடம், அதிலும் காபிக்கென்றே தயாரிக்கும் 'பாரிஸ்டா' வகை. அதில் சேர்க்கும் அமிலச் சீராக்கி டிகாஷனில் திரியாமல் காக்கிறது. ஓட்ஸ் மாவுச்சத்து உடைந்து இயல்பாகவே இனிப்பதால் சர்க்கரையைப் பாதியாக்கலாம். பாதாம் பால் பெயருக்குத்தான் பாதாம். பல பெட்டிகளில் பாதாம் 2 முதல் 4 சதவீதம்தான், மீதி தண்ணீர். கொடுக்கும் காசுக்குத் தகாது. சோயாவில் 100 மில்லிக்குச் சுமார் 3 கிராம் புரதம் உண்டு, பசும்பாலுக்குப் பக்கத்தில் வரும். ஆனால் பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் சிலருக்கு சோயாவும் ஆகாது. சோதனை நடக்கும்போதே அதைப் புதிதாகத் தொடங்கினால் எது காரணம் என்று குழம்பிப் போகும். முதல் சில வாரம் வேண்டாம்.

திரியாமல் கலக்க ஒரு வழி: பாலை மிதமாகச் சுட வைத்து, சற்று ஆறிய டிகாஷனை அதில் மெல்ல ஊற்றுங்கள். கொதிக்கும் டிகாஷனில் குளிர்ந்த பாலை ஊற்றினால் பிரிந்து மிதக்கும்.

ருசியைவிட முக்கியம் கால்சியம். பெட்டியில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் பசும்பாலுக்கு ஈடு. 'ஆர்கானிக்' வகைகள் பலவற்றில் கால்சியமே சேர்த்திருக்காது. சேர்த்த கால்சியமும் அடியில் படியும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்காவிட்டால் கடைசி டம்ளருக்குத்தான் போகும். பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். 50 கிராம் ராகி மாவில் 170-க்கு மேல் கிடைக்கும், அதுவும் இந்த ஊரில் மூலைக் கடையிலேயே மலிவாக. அப்போதும் குறையும் என்பதால் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சைவமென்றால் பி12 பற்றியும்.

தயிருக்குக் கடையைவிட வீடுதான் நல்லது. 1 கப் வேர்க்கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, தோல் நீக்கி, 3 கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். சிறு தீயில் 10 நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்சவும், அடிபிடிக்கும். கை பொறுக்கும் சூட்டில் 6 பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடவும். பழைய தயிரை உறை ஊற்றினால் பால் புரதம் திரும்ப வந்துவிடும். டிசம்பர்க் குளிரில் ஹாட்பாக்ஸுக்குள் வைக்காவிட்டால் உறையாது. முதல் தயிர் நீர்த்து, லேசாக நெடியடிக்கும். அதையே உறையாக வைத்தால் இரண்டாவது கெட்டியாக வரும். கடலை ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகியவர்களுக்குத்தான் இது.

தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிக் கடையில்) சாப்பிடுவதானால் பொங்கல், பென்னே தோசை, ரவா இட்லி மூன்றையும் விடுங்கள். நெய், வெண்ணெய், தயிர் தப்பாது. பிரசவ லேகியத்திலும் நெய் இருக்கும்.

குழந்தை தேறினாலும் வேலை முடியவில்லை. டாக்டர் சொல்லும் நாளில் தாய் பசும்பாலை மறுபடி சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொந்தரவு திரும்பினால்தான் காரணம் பால் என்று உறுதி. 4 வாரத்திலும் மாற்றமே இல்லையென்றால் பத்தியத்தை இழுக்காமல் டாக்டரிடம் போங்கள். இந்தப் பெட்டிப் பால் எதையும் கைக்குழந்தைக்குப் புகட்டாதீர்கள்.